தக்காளி வண்டிக்குக் கழற்றி மாட்டும் கூண்டு: செலவும் எடையும்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிச் செல்லும் எங்கள் டாடா ஏஸ் வண்டியில் செய்த சில மாற்றங்கள், ஒரு முழு வடகிழக்குப் பருவமழையைத் தாங்கி நின்றுவிட்டன. தரை துருப்பிடிக்கவில்லை, தார்ப்பாய் கிழியவில்லை, இருட்டில் பெட்டி எண்ண டார்ச்சை வாயில் கவ்விக்கொள்ள வேண்டிய நிலையும் இல்லை. எனவே எதை எந்த அளவில் செய்தோம், எவ்வளவு செலவானது, வண்டியில் எவ்வளவு எடை கூடியது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். சின்ன வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இந்த அளவுகள் அப்படியே பயன்படலாம்.

வேலையைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியது எடைக் கணக்கு. ஏஸ் வண்டியின் சுமைத் திறன் 750 கிலோ அளவில்தான் இருக்கிறது. உங்கள் வண்டிக்குச் சரியான எண் வேண்டுமானால், பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். எங்கள் வண்டியின் சுமைத் தட்டு உள்ளளவில் 2,200 மில்லிமீட்டர் நீளமும் 1,490 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பக்கச் சுவரின் உயரம் 300. நாங்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பெட்டியின் அடி 540-க்கு 360. அகலத்தில் நான்கு, நீளத்தில் நான்கு என்று ஓர் அடுக்குக்கு 16 பெட்டி அடங்கும். பெட்டிக்கு 14 கிலோ தக்காளி, வெறும் பெட்டியின் எடை ஏறத்தாழ 2 கிலோ என்று வைத்தால், மூன்று அடுக்கு முழுமையாக ஏற்றும்போது 768 கிலோ ஆகிவிடும். ஆக, வண்டியில் இடம் தீரும் முன்பே எடை தீர்ந்துவிடுகிறது. வண்டியில் நிரந்தரமாகச் சேர்க்கும் ஒவ்வொரு 16 கிலோவும் ஒவ்வொரு நடையிலும் ஒரு பெட்டித் தக்காளியை இறக்கிவைக்கச் சொல்கிறது. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தேன். மழைக்குத் தேவையானது மழைக்காலத்தில் மட்டும் வண்டியில் இருக்க வேண்டும். கோடையில் அது கொட்டகைச் சுவரில் தொங்க வேண்டும்.

முதல் வேலை தரை. இரண்டாம் கையாக வந்த வண்டி என்பதால், முந்தைய உரிமையாளர் போட்டிருந்த ஒட்டுப் பலகை தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதை நெம்பி எடுத்தபோது அடியில் இருந்த தகட்டின் மடிப்புகளில் தண்ணீரும் மண்ணும் அழுகிய தக்காளிச் சாறும் சேர்ந்து, பள்ளங்கள் நெடுகத் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. மேடுகளில் பெயின்ட் ஓரளவு நன்றாகவே இருந்தது. பலகை தகட்டைக் காப்பதற்குப் பதிலாக ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது என்பது அதைப் பார்த்த உடனே விளங்கியது. தரையில் எதைப் போட்டாலும் அதன் அடியில் தண்ணீர் ஓடவும் காற்று நுழையவும் வழி இருக்க வேண்டும்.

கட்டிங் மெஷினில் கம்பி பிரஷ் பொருத்தித் துருவைத் தேய்த்து எடுத்தேன். பிரஷிலிருந்து பறக்கும் கம்பி இழைகள் கண்ணுக்கு ஆபத்தானவை. பக்கமும் மூடிய கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. பள்ளங்களின் மூலைகளுக்கு மெஷின் எட்டாது. அங்கே பழைய ஹாக்சா பிளேடை உடைத்துச் சுரண்டினேன். சுரண்டிய பிறகும் தகட்டில் ஊறிப்போன துரு மிச்சமிருக்கும். அதன் மேல் துருவை மாற்றும் திரவத்தைப் பூசினால், பழுப்பாக இருந்த இடங்கள் சில மணி நேரத்தில் கறுத்து இறுகிவிடுகின்றன. மறுநாள் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, அது நன்றாகக் காய்ந்ததும் எனாமல் இரண்டு கை. பிரைமரை ஈரப்பதம் உள்ள நாளில் அடித்தால் பிடிப்பு குறையும் என்பதால், புரட்டாசி வெயில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. தகட்டில் ஏற்கெனவே இருந்த வடிகால் துளைகளில் பாதி, மண்ணால் அடைபட்டிருந்தன. அவற்றைக் குத்தித் திறந்து, துளையின் விளிம்பிலும் பிரைமரைத் தடவினேன். புதிய துளை எதுவும் போடவில்லை. போட நினைப்பவர்கள் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, டீசல் டேங்க், பிரேக் குழாய், ஒயர்க் கட்டு எங்கே ஓடுகின்றன என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

தரைக்கு மேல் என்ன போடுவது என்பதில் மாட்டுக் கொட்டகை ரப்பர் பாய்தான் எல்லோரும் சொல்லும் வழி. நல்ல பாய்தான், பல ஆண்டு உழைக்கும். ஆனால் ஏழடிக்கு நான்கடி, 16 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பாய் 50 கிலோ வரை இருக்கிறது. எங்கள் கணக்கில் அது மூன்று பெட்டி. அதோடு, தரை முழுவதையும் மூடிவிடுவதால் பலகை செய்த கெடுதலையே அதுவும் செய்யும். அதற்கு மாற்றாக, பழைய இரும்புக் கடையில் கிடைத்த 8 மில்லிமீட்டர் தடிமனான கன்வேயர் பெல்ட்டை 100 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக அறுத்து, தகட்டு மடிப்பின் பள்ளங்களுக்குக் குறுக்கே ஐந்து பட்டைகளை இடைவெளி விட்டுப் போட்டேன். பெட்டி பட்டைகளின் மேல் உட்காருகிறது, தண்ணீர் அடியில் பள்ளத்தின் வழியே ஓடிவிடுகிறது. ஐந்தும் சேர்த்து 10 கிலோவுக்குள்தான் வருகின்றன. பெல்ட்டின் உள்ளே நூல் அடுக்குகள் இருப்பதால் சாதாரணக் கத்தி வழுக்கும். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, இரும்புப் பட்டையை அளவுகோலாக வைத்து, ஒரே கோட்டில் பலமுறை இழுத்தால் சுத்தமாக அறுபடுகிறது. பட்டைகளைப் பசை போட்டு ஒட்டவில்லை. இரு முனைகளிலும் 25-க்கு 3 இரும்புப் பட்டையால் அழுத்தி, ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளில் முறுக்கியிருக்கிறேன். நான்கு போல்ட்டைக் கழற்றினால் தரையை முழுதாகக் கழுவலாம்.

அடுத்தது கூண்டு. வெல்டிங் வைத்த நிரந்தரக் கூண்டு கட்டித் தரப் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. எனக்கு அது வேண்டாம் என்று பட்டதற்கு எடை ஒரு காரணம், சட்டம் இன்னொரு காரணம். பதிவுச் சான்றில் உள்ள, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும்போது வாக்குவாதம் வேண்டாம் என்றால், கழற்றி மாட்டக்கூடிய தார்ப்பாய்க் கூண்டே பாதுகாப்பானது. போகும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

கூண்டுக்கு முக்கால் அங்குல ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், போதும். ஜி.ஐ. குழாயில் மூன்று தரம் உண்டு: மஞ்சள் பட்டை போட்டது ஏ கிளாஸ், நீலப் பட்டை பி கிளாஸ், சிவப்பு சி கிளாஸ். முக்கால் அங்குல பி கிளாஸ் குழாய் மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். ஒரு அங்குல பி கிளாஸ் என்றால் இரண்டரைக் கிலோவை நெருங்கிவிடும். மூன்று முழு நீளக் குழாய்க்கு இந்த வித்தியாசம் 15 கிலோ, அதாவது ஒரு பெட்டி. இருபதடிக் குழாய் ஒன்றை அறுத்தால், வண்டிக்குக் குறுக்கே வளைந்து நிற்கும் வில் ஒன்று 12 அடியிலும், வில்களை நீளவாக்கில் இணைக்கும் நெடுங்குழாய் ஒன்று ஏழரை அடியிலும் கிடைத்து, அரையடிதான் மிஞ்சுகிறது. மூன்று குழாயில் மூன்று வில், மூன்று நெடுங்குழாய், பெரிய கழிவு இல்லை.

வில் வளைப்பதைப் பந்தல் சாமான் செய்யும் பட்டறையில் கொடுத்தேன். வளைவுக்கு நூறு ரூபாய், ஒவ்வொரு வில்லுக்கும் இரண்டு வளைவு. அங்கே கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். குழாயின் நீளம் முழுக்க ஓர் ஒட்டுக் கோடு ஓடுகிறது. துத்தநாகப் பூச்சுக்கு அடியில் இருந்தாலும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வரியாகத் தெரியும். வளைக்கும்போது அந்த ஒட்டு வளைவின் வெளிப்பக்கமோ உள்பக்கமோ வரக் கூடாது. வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். இரண்டிலும் ஒட்டு பிளக்க வாய்ப்பு உண்டு. பட்டறைக்காரர் ஒவ்வொரு குழாயையும் உருட்டி, ஒட்டு பக்கவாட்டில் வரும்படி சாக்பீஸால் குறித்த பிறகே மெஷினில் வைத்தார். வீட்டில் கையால் வளைப்பவர்கள் குழாய்க்குள் காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரு முனையையும் மரக்கட்டையால் அடைத்துவிட்டு வளைத்தால் குழாய் நசுங்காது. மணலில் ஈரம் இருந்து, சூடேற்றியும் வளைத்தால் நீராவி அடைப்பைத் தெறிக்கவிடும். ஆகவே மணலை வறுத்துக்கொள்வது கட்டாயம்.

வில்லின் கால்கள் இறங்கும் சாக்கெட்டுகளை எங்கே வைப்பது என்பதுதான் நிறைய யோசிக்க வைத்த இடம். உள்பக்கம் வைத்தால் அழகாக இருக்கும். ஆனால் நான்கு பெட்டிகள் அகலத்தில் 1,440 மில்லிமீட்டரை எடுத்துக்கொண்ட பின் மிஞ்சுவது 50 மட்டுமே. சாக்கெட்டுக்கு எடுக்கும் ஒரு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 34. இரு பக்கமும் சேர்த்து 68 தேவைப்படும், நான்காவது வரிசைப் பெட்டி உள்ளே போகாது. எனவே சாக்கெட்டுகளைப் பக்கச் சுவரின் வெளிப்பக்கம் வைத்தேன். பக்கக் கண்ணாடிகளின் விளிம்புக்கு உள்ளேயே அவை அடங்கிவிடுகின்றன. உள்பக்கம் வரும் போல்ட்டுகளும் பெட்டியில் உரசக் கூடாது என்பதற்காகக் குமிழ்த் தலை கொண்ட 8 மில்லிமீட்டர் கேரியேஜ் போல்ட்டுகளை, உள்ளே 3 மில்லிமீட்டர் பட்டை கொடுத்து முறுக்கினேன். பட்டை இல்லாமல் நேராகச் சுவர்த் தகட்டில் முறுக்கினால், வண்டி ஆடும் ஆட்டத்தில் துளை நாளடைவில் நீள்வட்டமாகிவிடும்.

சாக்கெட்டுக்கு ஒரு அங்குலக் குழாயில் எந்தக் கிளாஸ் என்பதும் முக்கியம். முக்கால் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 27 மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஒரு அங்குல பி கிளாஸ் குழாயின் உள்விட்டமும் 27-ஐச் சற்றுத் தாண்டுவதுதான். கணக்கில் நுழைய வேண்டும், ஆனால் உள்ளே வழிந்து உறைந்த துத்தநாகத் திரள் தடுத்துவிடும். ஏ கிளாஸ் எடுத்தால் உள்விட்டம் 28.5, வில் தாராளமாக இறங்குகிறது, மிஞ்சும் இடைவெளியைப் பழைய சைக்கிள் டியூப் ஒரு சுற்று நிரப்பிவிடுகிறது. கடையில் வாங்கும்போது கையோடு ஒரு துண்டு முக்கால் அங்குலக் குழாயைக் கொண்டுபோய் நுழைத்துப் பார்ப்பதே சரி.

ஒன்பது அங்குல நீளத்தில் ஆறு சாக்கெட்டுகளை அறுத்து, ஒவ்வொன்றையும் 5 மில்லிமீட்டர் தகட்டுப் பட்டையில் வெல்டிங் வைத்துக்கொண்டோம். வெல்டிங் விழும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பூச்சோடு வைத்தால் எழும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் போல வரும். தேய்த்த பிறகும் வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி நின்றுதான் வைக்க வேண்டும். வெல்டிங் முழுவதும் தனித் துண்டுகளில் முடிந்துவிட்டதால், வண்டியின் மேல் ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை. சாக்கெட்டின் அடியை மூடாமல், 8 மில்லிமீட்டர் கம்பி ஒன்றைக் குறுக்கே வைத்திருக்கிறேன். வில் அதன் மேல் உட்காரும், தண்ணீரும் மண்ணும் கீழே விழுந்துவிடும். பக்கவாட்டில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, அதில் ஒரு போல்ட்டை முறுக்கி வில்லை இறுக்கிக்கொள்ளும்படி செய்ததும் கடகடச் சத்தம் அறவே நின்றது. இருவர் சேர்ந்தால் கால் மணி நேரத்துக்குள் கூண்டைக் கழற்றிவிடலாம்.

தார்ப்பாய்க்கு 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம்) பிளாஸ்டிக் விரிப்பு, 15-க்கு 15 அடி. எடை ஐந்து கிலோவைச் சற்றுத் தாண்டும். கித்தான் தார்ப்பாய் இதைவிட நீடித்து உழைக்கும், ஆனால் நனைந்துவிட்டால் தூக்க முடியாத கனம். விரிப்பு கிழிவது பெரும்பாலும் மழையால் அல்ல, குழாயில் உரசுவதால். அதனால் வில்லின் மேல்பகுதி முழுவதற்கும் பழைய தோட்டத்துத் தண்ணீர் ஹோஸைப் பிளந்து உறை போட்டேன். முன்பக்க மடிப்பு எப்போதும் பக்க மடிப்பின் மேல் வர வேண்டும், பக்க மடிப்பு பின்பக்க மடிப்பின் மேல் வர வேண்டும். வண்டி ஓடும்போது காற்று மடிப்பை அழுத்தி மூடும், தூக்கித் திறக்காது. கட்டுவதற்குக் கயிற்றோடு கூட லாரி டியூபில் அறுத்த ரப்பர் வளையங்களைச் சேர்த்தால், விரிப்பு படபடக்கும்போது அதிர்ச்சியை ரப்பர் வாங்கிக்கொள்கிறது, கண்ணிகள் பிய்வதில்லை. பின் மடிப்பு எவ்வளவு தொங்கினாலும் பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கக் கூடாது. மழை இல்லாத நேரத்தில் பின்பக்கத்தை ஓர் அடி உயர்த்திச் சுருட்டிவிடுங்கள்; தக்காளி மூடிய இடத்தில் வியர்த்தால் சந்தை போவதற்குள் தோல் தளர்ந்துவிடும்.

விளக்கு சிறிய வேலைதான், ஆனால் அதில்தான் ஒரு தவறான திருப்பம் நேர்ந்தது. 12 வோல்ட், 9 வாட் எல்.இ.டி. விளக்கை நடு வில்லில் மாட்டி, எர்த் ஒயரைப் பக்கத்திலேயே சுமைத் தட்டின் ஒரு போல்ட்டில் கொடுத்தேன். விளக்கு மங்கலாக எரிந்தது, பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது அணைந்தது. விளக்கை மாற்றியும் பயனில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது விளக்கின் முனைகளில் 12 வோல்ட்டே வரவில்லை. காரணம் நானே பூசிய பிரைமரும் எனாமலும் போல்ட்டைத் தகட்டிலிருந்து பிரித்து வைத்திருந்தன. எர்த் ஒயரைத் தனியாக இழுத்துச் சேஸிஸில் உள்ள எர்த் முனையிலேயே கொடுத்ததும் சரியானது. பெயின்ட் அடித்த வண்டியில் எர்த்தை அருகில் தேடாமல், தொடக்கத்திலேயே இரண்டு ஒயரையும் சேர்த்து இழுத்துவிடுவதே நேர்வழி.

இந்த விளக்கு முக்கால் ஆம்பியர்தான் எடுக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளம். ஆனால் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் விளக்குப் பக்கம் இருந்தால், நடுவில் ஒயர் உரசிச் சேஸிஸைத் தொடும்போது அது காக்காது. ஏஸ் வண்டியில் எஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், ஒயரை ஃப்ளெக்ஸிபிள் குழாய்க்குள் விட்டு, சைலன்சருக்கு எதிர்ப்பக்கச் சேஸிஸோடு ஒட்டிக் கொண்டுபோனேன். இரவு முழுவதும் அணைக்க மறந்தாலும் பத்து மணி நேரத்தில் பேட்டரியில் ஏழரை ஆம்பியர்-மணிதான் இறங்கும், நல்ல பேட்டரி காலையில் ஸ்டார்ட் ஆகிவிடும். இருந்தாலும் சிவப்புப் பொட்டு எரியும் சுவிட்சையே வாங்கினேன்.

மிச்சமெல்லாம் உதிரி வேலைகள். பின்கதவுச் சங்கிலிக்கு டியூப் உறை போட்டதால் பெயின்ட் உரிவதும் சத்தமும் நின்றன. ஒளி திருப்பும் ஸ்டிக்கரை, தார்ப்பாய் மறைக்காத இடத்தில், தின்னரால் துடைத்துவிட்டு ஒட்டினேன்: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள்.

செலவு: தரைக்குப் பிரைமர், எனாமல், துரு திரவம், பிரஷ் எல்லாம் 1,000 ரூபாய், பெல்ட் பட்டை 600, குழாய் 2,800, வளைப்புக் கூலி 600, சாக்கெட், தகடு, போல்ட், வெல்டிங் 1,500, தார்ப்பாய் 1,300, கயிறு, டியூப் முதலியன 300, விளக்கும் ஒயரும் 800, ஸ்டிக்கர் 400. ஆக மொத்தம் 9,300 ரூபாய். எடையில் வில்லும் நெடுங்குழாயும் 28 கிலோ, தார்ப்பாய் 5. இந்த 33 கிலோ கழற்றக்கூடியது. சாக்கெட், பட்டை, விளக்கு என்று எப்போதும் வண்டியோடு இருப்பது 18 கிலோ. மழைக்காலத்தில் மூன்று பெட்டி குறைகிறது, கோடையில் ஒன்றே ஒன்று.

அடுத்த முறை கூண்டு செய்தால் வில்லின் மேல்பகுதியைத் தட்டையாக விடமாட்டேன். இப்போது இரண்டு வில்களுக்கு இடையே மழைநீர் குளம்போல் தேங்குகிறது, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் உள்ளிருந்து கையால் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. நடுவில் மூன்று அங்குலம் உயர்த்தி வளைக்கச் சொன்னால் தண்ணீர் இரு பக்கமும் இறங்கிவிடும். குழாயின் நீளமும் அதே 12 அடிக்குள் அடங்கும். அதுவரைக்கும் நடு நெடுங்குழாயின் மேல் பிளந்த மூங்கில் ஒன்றைக் கட்டி, விரிப்புக்கு முதுகு கொடுத்திருக்கிறேன். சாக்கெட்டில் இறங்கும் கால்களில் துத்தநாகம் தேயத் தொடங்கியிருப்பதால், இந்தக் கோடையில் கழற்றிவைக்கும்போது அங்கே மட்டும் கிரீஸ் தடவி, துணி சுற்றி வைக்கப்போகிறேன்.